சிரித்தான் சீராளன்

பள்ளியிலிருந்து ஒரு சிறுவன் அழைத்து வரப்படுகிறான். வயது ஐந்து. அழைக்க வந்தவர் தந்தை. அவரைக் கண்டதும் காற்சதங்கை ஒலிக்க ஓடி வருகிறான். அள்ளியெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார் தந்தை. தாய் அவன் தலைமுடியைத் திருத்துகிறாள், முகத்தைத் துடைக்கிறாள், கலைந்த கண்மையைச் சரி செய்கிறாள். பிறகு, அவன் கால்களை மடியிலே இடுக்கிக் கைகளைப் பற்றிக்கொள்கிறாள். தந்தை தலையை அரிகிறார். விருந்துக்கு வந்த அடியாருக்குப் பிள்ளைக் கறி படைத்தாக வேண்டும்!

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்திலே, சிறுத்தொண்டர் கதை இது. ஊர் திருச்செங்காட்டங்குடி. சிறுவன் பெயர் சீராளன். வந்த விருந்தினர் விதித்த விதிகள் பல. ஐந்து வயதாக வேண்டும். உடலிலே ஊனம் ஆகாது. குடிக்கு ஒரே மகனாக இருத்தல் வேண்டும். தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும். இருவர் உள்ளமும் உவந்திருக்க வேண்டும். இத்தனையும் கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை: பிள்ளைக்கு இதிலே சம்மதந்தானா?

இக்கதையைப் பகுத்தறிவுக் கண்கொண்டு பார்த்தவர்கள் நம்மிலே பலர். 1943-ஆம் ஆண்டில் கம்பராமாயணமும் பெரிய புராணமும் தமிழர்க்குத் தகுமா என்ற வழக்கு எழுந்தபோது, அறிஞர் அண்ணா ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமும் நின்று சென்னையிலும் சேலத்திலும் சொற்போர் நிகழ்த்தினர். கடவுள் பிள்ளைக் கறி கேட்பாரா என்று கேட்டோம். கலைச்சுவையைக் காணீர் என்றனர். அவ்வழக்கு அப்படியே இருக்கட்டும். கடவுளையும் அடியாரையும் விட்டுவிட்டு, கதையிலே வரும் குழந்தையின் முகத்தைச் சற்றே உற்றுப் பார்ப்போம்.

அம்முகம் சிரிக்கிறது! ஆம், தலை அரியப்படும் வேளையில் சீராளன் சிரித்தான் என்கிறார் சேக்கிழார். ஏன்? பெற்றோர் பெருமகிழ்ச்சியில் இருக்கின்றனர் என்று எண்ணினானாம் பிள்ளை. அவர்கள் மகிழ்வது கண்டு தானும் மகிழ்ந்து நகைத்தானாம். பக்தர்கள் இந்த இடத்திலே கண்ணீர் மல்கக் கைகூப்புவர். நமக்கோ நெஞ்சு நடுங்குகிறது. அந்தச் சிரிப்பிலே சம்மதம் இல்லை, அன்பு இருக்கிறது. அப்பா மகிழ்கிறார், அம்மா மகிழ்கிறாள், ஆகவே இது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத வயதிலே, 'சரி' என்று சிரிப்பதை இசைவு என்று எவர் ஏற்பர்? புராணம் ஏற்றது, வீடுகளும் ஏற்கின்றன.

வடமொழி இதிகாசம் இதே செய்தியை வேறு உருவிலே தருகிறது. யயாதி மன்னன் சுக்கிரனின் சாபத்தால் முதுமை எய்துகிறான். ஆசையோ அடங்கவில்லை. ஐந்து மக்களையும் அழைத்து, என் முதுமையை நீ கொள், உன் இளமையை எனக்குக் கொடு என்று கேட்கிறான். யது மறுத்தான், துர்வசு, துருஹ்யு, அனு ஆகியோரும் மறுத்தனர். மறுத்த நால்வருக்கும் கிடைத்தது சாபம். கடைசி மகன் பூரு இசைந்தான். ஆயிரம் ஆண்டு தந்தை இன்பம் துய்த்தான். பிறகு இளமையைத் திருப்பித் தந்து, மூத்தவர்களை ஒதுக்கி, இளையவன் பூருவுக்கே முடி சூட்டினான். தந்தை சொல் தட்டாதவனே தனயன் என்ற நீதியும் கதையோடு வந்தது.

மகனின் இளமையைத் தந்தை வாங்கிக்கொள்வது நடக்கக்கூடியதா என்று ஏளனம் செய்யத் தோன்றும். பொறுங்கள்! நடக்கக்கூடாதது நடக்கவில்லை, நாள்தோறும் நடப்பதைத்தான் புராணக்காரன் பூடகமாகச் சொன்னான். தான் படிக்க விரும்பிப் படிக்க முடியாமற்போன படிப்பை மகன் தலையிலே சுமத்துவது, மகனின் இளமையைக் கடன் வாங்கித் தன் ஆசையைத் தணித்துக்கொள்வதே அன்றி வேறென்ன?

இதை நன்கு உணர்ந்தவர் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட். அவருடைய முதல் நாடகம் 'யயாதி' 1961-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23. ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் புறப்படும் நாட்களில், மகன் திரும்பி வருவானோ என்று வீட்டார் கலங்கிய நேரத்தில், உள்ளக் கொந்தளிப்பின் நடுவே எழுதிய நாடகம் அது என்று அவரே பின்னாளிலே கூறியிருக்கிறார். புறப்பட நின்ற இளைஞனின் கைக்குப் பூருவின் கதை அகப்பட்டதிலே வியப்பில்லை. மூலக்கதையில் பூருவின் மனைவி இந்த இடத்தில் பேசுவதில்லை. கர்னாட் அவளுக்குச் சித்திரலேகை என்று பெயர் தந்தார். பேச நாவும் தந்தார். கணவன் ஒரே இரவிலே கிழவனாகி நிற்கக் கண்ட அந்தப் பெண், மன்னனை நேருக்கு நேர் நின்று வினவுகிறாள். விடை கிடைக்காமல் நஞ்சுண்டு மடிகிறாள். தியாகம் செய்தவன் பெயர் விளங்கியது. அந்தத் தியாகத்துக்கு விலை கொடுத்தவள் பிணமானாள். கீழ்ப்படிதல் என்ற பொன்முலாம் பூசிய சிலையை ஒரு பெண்ணின் கேள்வியால் உரசிக் காட்டியதே அந்நாடகத்தின் சிறப்பு.

குறையும் உண்டு. யதுவை அவரும் மேடைக்கு நடுவே கொண்டுவரவில்லை. மறுத்தவன் வாழ்ந்தான் அல்லவா? அவன் வழியில்தானே யாதவர் குலம் தழைத்தது என்கின்றனர்? அக்குலத்திலேதானே கண்ணன் பிறந்தான் என்கின்றனர்? தந்தை சொல் தட்டிய மகனின் வழித்தோன்றலுக்கு ஊர்தோறும் கோயில் கட்டிக் கும்பிட்டுக்கொண்டே, தந்தை சொல் தட்டாதே என்று பிள்ளைக்குப் போதிக்கும் விந்தையை என்னென்பது! பிரகலாதன் கதையும் இத்தகையதே. தந்தை இரணியன் சொல்லை மறுத்தவன் அவன். ஆனால் அவன் பக்தன், ஆகவே பாராட்டு. மறுப்பு குற்றமன்று, யாருக்காக மறுக்கிறான் என்பதே கணக்கு என்று புராணமே ஒப்புக்கொள்கிறது. கடவுளுக்காக மறுத்தால் புண்ணியம். தன் வாழ்வுக்காக மறுத்தால் பாவம்! இஃது எந்த ஊர் நீதி?

புராணத்தைக் கேட்கும் கேள்வியைப் புறநானூற்றிடமும் கேட்கத்தான் வேண்டும். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாட்டிலே வரும் தாயை நம் மேடைகள் மறத்தி என்று போற்றின. தன் குடியில் ஒருவனை ஒரு போரிலும், கணவனை மற்றொரு போரிலும் இழந்தவள், மறுநாள் பறையொலி கேட்டதும் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் தந்து களத்துக்கு அனுப்புகிறாள். வீரம், மறுக்கவில்லை. ஆயினும் அச்சிறுவன் என்ன நினைத்தான்? பாட்டிலே அவனுக்கு ஒரு சொல் இல்லை. புலவரோ வியப்போடு மட்டும் நிற்கவில்லை. அந்தத் துணிவு கடுமையானது என்ற திடுக்கிடலையும் பாட்டிலே வைத்திருக்கிறார். சேக்கிழார் குழந்தையின் சிரிப்பை மறைக்காமல் எழுதியதும் அதுபோன்றதே. பாவலர் விட்டுச் சென்ற சான்றைப் படிப்பவர்தான் பார்க்காமல் கடந்தனர்.

பெற்றோர் பட்ட பாட்டை மறந்து பேசலாமா என்று சிலர் சினப்பர். மறக்கவில்லை. எழுத்தறிவே மறுக்கப்பட்ட குடியிலே பிறந்து, மூட்டை தூக்கி, களை பறித்து, தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய் தந்தையரின் கனவு, இந்நாட்டின் வரலாறு பெற்ற கனவு. அக்கனவை எள்ளுபவன் மனிதனாகான். மகள் மருத்துவரானால் தெருவே தலை நிமிர்கிறது என்பதும் உண்மை. ஆனால், ஒரு குலத்துக்குத் தொழில் இதுதான் என்று விதித்த கொடுமையை எதிர்த்து நின்றவர்கள் நாம். இந்தக் குலத்தான் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது வருணம். என் மகன் இதைத்தான் ஆக வேண்டும் என்பது வீட்டுக்குள்ளே முளைத்த வருணம் ஆகாதா? மூடிக் கிடந்த கதவுகளைத் திறந்துவிட்டோம், உள்ளே போகும் வழியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

விளைவு சிறியதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர் 13,000-க்கும் மேற்பட்டோர். எல்லா மரணத்துக்கும் பெற்றோரே காரணம் என்று கூறுவது பொய். பள்ளியும் தேர்வும் வறுமையும் சாதியும் சேர்ந்து செய்யும் கொலை அது. தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. 16 வயது நிரம்பாதவரைச் சேர்க்கலாகாது என்று பயிற்சி நிலையங்களுக்கு ஒன்றிய அரசு 2024 சனவரியில் வழிகாட்டு நெறி வகுத்தது. நல்லவை. ஆனால், நாளிதழிலே நின்றுபோன முதலிடப் பட்டியல் வீட்டுத் திண்ணையிலே நிற்கவில்லையே! பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண் இன்னும் உணவோடு பரிமாறப்படுகிறதே! 'உனக்காகத்தானே இவ்வளவும்' என்ற ஒரு சொல் போதும். பிள்ளை வாயடைத்துப் போகிறது. வாயடைத்து நிற்பவன் புன்னகையும் புரிகிறான். அது சீராளன் சிரிப்பு.

படிப்பிலே இசைந்தவன் மணத்திலும் இசைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது வீடு. 1967-இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. புரோகிதர் தேவையில்லை, மணமக்களின் சொல் போதும் என்றது. வயது வந்த இருவர் மணக்க இசைந்தால் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. சட்டம் இளைஞனின் வாய்ச்சொல்லை ஏற்கிறது. சாதி கேட்கும் தந்தையோ அரிவாளை எடுக்கிறான். தன் பெருமைக்குப் பெற்ற பிள்ளையைப் பலியிடும் அவனுக்கும் புராணத் தந்தைக்கும் வேறுபாடு ஒன்றுண்டு: புராணத்திலே இறைவன் வந்து பிள்ளையை மீட்டுத் தந்தான், பள்ளியிலிருந்து ஓடி வருபவன்போல் சீராளன் திரும்பி வந்தான். நம் தெருவிலே செத்த பிள்ளை திரும்பி வருவதில்லை.

வள்ளுவர் வழி வேறு. மக்கட்பேறு என்ற அதிகாரத்தின் பத்துக் குறளிலும் கீழ்ப்படிதல் என்ற கட்டளை இல்லை. அவையிலே முந்தியிருக்கும்படி அறிவு தருவது தந்தையின் கடன் என்பதை 67-ஆம் குறளிலே முதலில் வைத்தார். மகன் ஆற்றும் கைம்மாற்றை 70-ஆம் குறளிலே பின்னர் வைத்தார். அந்தக் கைம்மாறும் தந்தையின் ஆசையை நிறைவேற்றுவதன்று. தானே சான்றோனாகி, இவனைப் பெறத் தந்தை செய்த தவந்தான் என்னவோ என்று உலகத்தை வியக்கவைப்பது. மகன் தன்னால் உயர்ந்தான், அதனால் தந்தை உயர்ந்தான். வரிசை இது.

ஆகவே இளம் எழுத்தாளரை வேண்டுகிறோம். பூருவைப் பாடியது போதும், யதுவை எழுதுங்கள். தந்தையை வெறுக்காமல், தந்தைக்குத் தன்னைத் தின்னக் கொடுக்காமல், எதிரே நின்று 'அப்பா, இது என் இளமை' என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லும் ஒரு மகனை, ஒரு மகளை எழுதுங்கள். அதைக் கேட்டுச் சினந்து, சிந்தித்து, பிறகு அருகே அமர்ந்து 'சொல் மகனே, உனக்கு என்ன விருப்பம்?' என்று கேட்கும் ஒரு தந்தையையும் எழுதுங்கள். சாபமிட்ட யயாதிகளைப் படித்துப் படித்தே வளர்ந்த வீடுகளுக்கு, கேட்கத் தெரிந்த தந்தையின் கதை தேவைப்படுகிறது. அக்கதையைப் படிக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்: அன்பிருக்கும் வீட்டிலே, மறுக்கவும் இடம் உண்டு.