ஆற்றங்கரையில் உழைப்பும் ஓவியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர்கள் ஆற்றங்கரைகளைத் தீட்டப் புகுந்தபோது, அங்கே முழங்காலூன்றித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்களையும் தம் சித்திரங்களில் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நதிதேவதைகளுக்கும் புராண நாயகியருக்கும் உரியதாயிருந்த நீர்க்கரையில் கூலிக்கு உழைப்பவள் இடம்பெற்றது சாமான்யமான மாறுதல் அன்று. ஆயினும், இடம் கொடுத்ததாலேயே அவளுக்கு நியாயம் செய்துவிட்டார்களா என்பது ஆராயத்தக்கது.

இவ்வழக்கத்தின் சிறப்பை யூஜேன் பூதேனிடம் தெளிவாகக் காணலாம். ஓன்பிளேர் துறைமுகத்தில் 1824இல் ஒரு மாலுமியின் மகனாகப் பிறந்த அவர், துரூவில் கடற்கரைக்கு உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்த சீமாட்டிகளை 1862 முதல் தீட்டிப் பெயர் பெற்றார். ஆனால் 1867இல், பிரிட்டானிப் பிரதேசத்து எளிய மக்களின் கடும் பாட்டைக் கண்டு திரும்பியபின், அந்தச் சோம்பல் கூட்டத்தைத் தீட்டுவதில் தமக்கு வெட்கம் உண்டாவதாக நண்பருக்கு எழுதினார். பிற்காலத்தில், துரூவிலுக்கும் தோவிலுக்கும் நடுவே கடலில் கலக்கும் தூக் நதியின் கரையில் வரிசையாகக் குனிந்து துவைக்கும் பெண்களை மீண்டும் மீண்டும் வரைந்தார். குல்லாயும் பாவாடையும் இரண்டொரு தூரிகை வீச்சுகளில் முடிந்துவிடுகின்றன, முகமோ தெரிவதில்லை. இதை ஏழைகள்பால் அலட்சியம் என்று கொள்வது பொருந்தாது; ஏனெனில் அவருடைய சீமாட்டிகளுக்கும் முகம் தெரிவதில்லை. செல்வரையும் வறியவரையும் அதே அகன்ற வானத்தின் கீழ், அதே ஈரக்காற்றில் நிறுத்திய அந்தச் சமநோக்கு, பிரசங்கம் செய்யாமலே நிறைவேறிய ஒரு தர்மம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அழுக்குத் துணியை மரச்சாம்பலின் காரநீரில் தோய்த்து, ஆற்றுக்குச் சுமந்து, வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் முழங்காலூன்றி, கட்டையால் அடித்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்து, ஈரத்தால் கனத்த மூட்டையோடு மறுபடி கரையேறுவது அப்பெண்களின் ஜீவனம். எத்ரதாவிலோ, கடல் உள்வாங்கும் வேளையில் கூழாங்கற்களிடையே ஊறும் நன்னீரை நம்பி, அலை திரும்புமுன் வேலையை முடிக்க வேண்டியிருந்தது. அவ்விடத்தையும் பூதேன் 1894இல் தீட்டினார். அந்த அவசரமும் விறைத்த விரல்களும் மட்டும் சித்திரத்துள் வரவில்லை. 1857 முதல் ஒரு படகையே சித்திரக்கூடமாக்கி வாஸ் நதியில் உலவிய ஓவியர் தோபின்யியின் காட்சிகளில் இப்பெண்கள் இன்னும் சுருங்கி, பசுமையின் ஓரத்தில் கண்ணுக்கு இதமான வர்ணப் புள்ளிகளாகிவிடுகிறார்கள். இத்தகைய படத்தை வாங்கி மாட்டிய செல்வர், தம் சட்டையை வெளுத்த கையை ஒருகணமும் எண்ணாமலே அதை ரசிக்க இயலும்.

இதற்கு மாறாக, பாரிஸில் சேன்லூயித் தீவில் வசித்து, செயின் நதித் துறையின் நடமாட்டத்தை அருகிருந்து கண்ட ஓவியர் ஓனோரே தோமியே 1860களில் தீட்டிய சலவைக்காரி, துணிமூட்டையை இடுக்கிக்கொண்டு, படியேறத் திணறும் குழந்தையைக் கைப்பிடித்து ஏற்றிவருகிறாள். அவள் முகமும் நிழலில் மங்கியதே. எனினும் சாய்ந்த தோளில் பாரமும், குழந்தைக்காகக் குனிந்த முதுகில் பரிவும், எதிர்க்கரைக் கட்டடங்களின்மேல் விழும் வெயில் அவளை எட்டாமையில் வாழ்வின் கடுமையும் நமக்குப் புலனாகின்றன.

ஆகவே முகமின்மையையோ தொலைவையோ குற்றமாகச் சொல்வதற்கில்லை. உழைப்பின் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பிரயாசையை விட்டுவிடுவதே குற்றம். பூதேனின் ஒளியை நான் உளமாரப் போற்றுகிறேன். ஆனால் உழைப்பவளுக்கு அவ்வொளியில் பங்கு கொடுத்தவர்கள், அவள் சுமந்த கனத்தையும் காண்போர் உணரச் செய்திருந்தால், அந்த நிலக்காட்சிகள் இன்னும் உயர்ந்த கலையாகியிருக்கும்.