பைன்மனின் விரிவுரைகளும் பின்வரிசை மாணவரும்

ஒரு கவிதையையோ நாவலையோ மதிப்பிட முற்படும்போது, 'இது யாருக்காக எழுதப்பட்டது?' என்று கேட்பதற்கு நாம் பழகியிருக்கிறோம். முற்போக்கு விமர்சனம் நமக்குக் கற்றுத்தந்த முதற் கேள்வி அது. ஆனால், எண்ணற்ற இளைஞர் ஆண்டுதோறும் கையிலெடுக்கும் பாடநூலை நோக்கி இக்கேள்வியை நாம் எழுப்புவதில்லை. பாடநூல் வெறுங் கருவி என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், ஒரு மனிதனின் வாழ்க்கைப் போக்கை எந்த நாவலையும்விட அதிகமாகத் தீர்மானிப்பவை பாடநூல்களும் அவற்றைச் சூழ்ந்த பாடநெறிகளுமே. அவற்றுள்ளும், பல்கலைக்கழக முதலாண்டில் நுண்கணிதத்தின் துணையோடு கற்பிக்கப்படும் பௌதிகம் தனியிடம் வகிப்பது. பொறியியலாளராகவோ விஞ்ஞானியாகவோ வர விரும்புவோர் கடந்து செல்லவேண்டிய வாயில் அது. வாயில் திறப்பதற்கும் உண்டு, அடைப்பதற்கும் உண்டு.

இவ்வகைப் பாடநெறிக்கென எழுந்த நூல்களுள் பெரும் புகழ் பெற்றது, றிச்சாட் பைன்மன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கலிபோணியாத் தொழினுட்பக் கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளின் தொகுப்பாகும். அது தோன்றிய சூழலை மறத்தல் கூடாது. 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை வானில் ஏவியது. தாம் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சம் அமெரிக்க ஆளும் வட்டாரங்களைப் பற்றிக்கொண்டது. 1958 இல் பாதுகாப்பின் பெயராலேயே கல்விச் சட்டமொன்று நிறைவேறியது. விஞ்ஞானப் பாடநெறிகளைத் திருத்தியமைக்கப் பணம் பாய்ந்தது. பைன்மனின் பாடநெறிக்கும் போர்ட் நிதியத்தின் உதவி கிடைத்தது. ஏறத்தாழ 180 மாணவர் வாரம் இருமுறை பெரிய மண்டபத்திற் கூடி விரிவுரையைக் கேட்டனர். பின்னர் 15 முதல் 20 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து பயின்றனர். ஒலிப்பதிவுகளைக் கொண்டு லெய்ற்றனும் சாண்ட்சும் அவ்விரிவுரைகளை மூன்று தொகுதிகளாக்கினர். 2013 முதல் இணையத்தில் அவற்றை விலையின்றி வாசிக்க வழிசெய்யப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது.

உரைநடை என்ற வகையில் இந்நூலின் சிறப்பை மறுப்பவர் இலர். விஞ்ஞான அறிவு முழுவதும் அழிந்து, ஒரேயொரு வாக்கியத்தை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்ல நேர்ந்தால் அது எதுவாக இருக்கவேண்டும் என்று முதல் விரிவுரையிலேயே கேட்கிறார் பைன்மன். பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்பதே அது என விடை தருகிறார். சக்திக் காப்பை விளக்கவந்த இடத்தில், 28 மரக்கட்டைகளை வைத்து விளையாடும் குறும்புக்காரச் சிறுவனையும், மாலைதோறும் அவற்றைக் கணக்கெடுக்கும் தாயையும் நம்முன் நிறுத்துகிறார். கட்டைகள் ஒளிந்திருக்கும் இடங்களையெல்லாம் தாய் கணக்கிற் சேர்த்த பின்னர், 'சக்தியில் இத்தகைய கட்டைகளே இல்லை; கணக்கு மட்டுமே உண்டு' என்ற கருத்தை உணர்த்துகிறார். எளிமை என்பது பொருளை நீர்த்துப்போகச் செய்வதன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று காண்பது அரிது.

நுண்கணிதத்தை அவர் அறிமுகஞ் செய்யும் முறையும் விதந்துரைக்கத்தக்கது. மணிக்கு 60 மைல் வேகத்திற் சென்றதாகக் காவலரிடம் பிடிபட்ட பெண்ணொருத்தி, 'நான் புறப்பட்டு ஏழு நிமிடந்தானே ஆயிற்று; ஒரு மணிநேரம் செல்லாத நான் மணிக்கு 60 மைல் எவ்வாறு சென்றிருக்க முடியும்?' என்ற பொருள்பட வாதிடுகிறாள். அதிலிருந்து, விழும் பந்தொன்றுக்குச் செல்கிறார் பைன்மன். அது கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்தை 16 ஆற் பெருக்க வரும் அடிகள். ஐந்தாவது செக்கனின் முடிவில் அதன் வேகம் யாது? அடுத்த பத்திலொரு செக்கனை எடுத்தால் செக்கனுக்கு 161.6 அடி, ஆயிரத்திலொரு செக்கனை எடுத்தால் 160.016 அடி. இடைவெளி குறையக் குறைய விடை 160 ஐ நெருங்குகிறது. வகையீடு என்ற மாபெருங் கருத்து இவ்வாறு ஒரு வழக்கிலிருந்து பிறக்கிறது.

ஆனால் விமர்சகனின் கண் இங்கே சற்றுத் தரித்துநிற்கவேண்டும். கணமொன்றில் வேகம் என்பதற்குப் பொருள் என்ன என்பதே அப்பெண்ணின் கேள்வி. பாடநெறி முழுவதிலும் இதனினும் ஆழமான கேள்வி அதிகமில்லை. பைன்மனும் அதனை உதறவில்லை. எனினும் அது பெண்ணொருத்தியைப் பற்றிய வேடிக்கைக் கதையாகவே அரங்கேறுகிறது. அக்கழகம் தனது இளமாணி வகுப்புகளிற் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970 இல்தான். அஃதாவது, கேள்வியை எழுப்பியவள் கதைக்குள் இருக்கிறாள். வகுப்பில் அவளுக்கு இருக்கை இல்லை. ஒரு நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை அதன் தத்துவத்தைவிட அதன் நகைச்சுவையே சிலவேளை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

வகுப்பில் இருக்கை பெற்றோர் நிலைதான் என்ன? 1989 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையொன்று, நாளடைவில் மாணவர் வரவு குறைந்ததென்றும், அவர்களின் இடத்தை ஆசிரியர்களும் பட்டப்பின் மாணவர்களும் நிரப்பினரென்றும் கூறுகிறது. அதனை மறுப்போரும் உளர். அந்த வழக்கு நமக்கு வேண்டுவதில்லை. பைன்மன் தாமே 1963 இல் எழுதிய முன்னுரை போதுமானது. தேர்வில் மாணவர் பெரும்பாலோர் கணக்குகளைக் கையாண்ட விதத்தைக் கொண்டு, இம்முறை தோல்வியே எனத் தாம் கருதுவதாக அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒன்றிரண்டு டசின் மாணவர் ஏறத்தாழ யாவற்றையும் விளங்கிக்கொண்டதையும் குறிப்பிடுகிறார். பாடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை விரிவுரையாளர் அறிவதற்கு மாணவரிடமிருந்து எவ்வகைத் தகவலும் வரவில்லை என்பதும் அவர் தரும் வாக்குமூலம்.

இந்நேர்மை போற்றத்தக்கது. ஆனால் நூலைப் புகழ்வோர் பலர் அந்த ஒன்றிரண்டு டசினைக் கொண்டே மனநிறைவு கொள்கின்றனர். அவர்கள் கவனியாத உண்மை ஒன்றுண்டு. பின்தங்கிய மற்றையோர் மந்தமானவர் அல்லர். கடுமையான தெரிவைக் கடந்து நாட்டின் தலைசிறந்த கழகமொன்றிற் புகுந்தவர்கள் அவர்கள். அவர்களுட் பெரும்பாலோரையே தடுமாறவைத்த முறையை, அச்சலுகைகள் எவையுமற்ற மாணவனுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு விடையாகச் சிலர், நுண்கணிதமே தடை. அதனை அகற்றிவிட்டுச் சூத்திரங்களை மட்டும் கற்பித்தால் யாவரும் தேறுவர் என்கின்றனர். சாதாரண மக்கள்மீது கொண்ட அன்புபோலத் தோன்றும் இக்கருத்து உண்மையில் அவர்களை இழிவுபடுத்துவதாகும். நீட்டிய விற்சுருள் ஒன்றை நோக்குக. அதன் விசை இடத்துக்கு இடம் மாறுகிறது. சீரான ஆர்முடுகலுக்குரிய சூத்திரங்களை மனனஞ் செய்த மாணவன் அவற்றை இங்கும் பயன்படுத்திப் பிழையான விடையை அடைகிறான். மாற்றத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்துத் தொகுக்கும் சிந்தனையே நுண்கணிதம். அதனைப் பறித்துவிட்டுச் சூத்திரத்தைக் கொடுப்பது, காரணத்தை மேலோருக்கும் கட்டளையைக் கீழோருக்கும் பங்கிடுவதாகும். ஆகவே, எல்லோருக்கும் நுண்கணிதத்தோடு கூடிய பௌதிகம் வேண்டும். ஆனால் அது எல்லோரையும் சென்றடையும் வழியிற் கற்பிக்கப்படல் வேண்டும்.

அவ்வழி கற்பனையன்று. 1992 இல் ஹெஸ்ரனிசும் வெல்சும் சுவக்ஹாமரும் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் எளிய வினாத்தொகுதியொன்றை வெளியிட்டனர். அவர்களுள் வெல்ஸ் உயர்பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது நம்மவர் மனங்கொள்ளத்தக்கது. பெரிய லொறியும் சிறிய காரும் நேருக்குநேர் மோதினால் எது மற்றையதன்மீது கூடிய விசையைச் செலுத்தும் என்பது வினாக்களுள் ஒன்று. இரண்டும் சம விசையையே செலுத்துகின்றன. திணிவு குறைந்த காரின் ஆர்முடுகல் மட்டுமே மிகுதி. ஹாவாட் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர், நீண்ட கணக்குகளை இலகுவிற் செய்யும் தம் மாணவர் இத்தகைய வினாக்களில் தடுமாறுவதைக் கண்டார். நீங்கள் கற்பித்தபடி விடையெழுதுவதா, நாங்கள் எண்ணுகிறபடி எழுதுவதா என மாணவி ஒருத்தி அவரிடம் வினவினாளாம். பரீட்சைக்கு ஓர் உலகம், வாழ்வுக்கு வேறோர் உலகம் என்ற பிளவை அக்கேள்வி அம்பலப்படுத்திற்று. மசூர் விரிவுரையை இடைநிறுத்தி வினாத் தொடுத்தார். மாணவர் தனித்து விடையெழுதியபின் அருகிலிருப்போருடன் வாதிட்டு மீண்டும் விடையளித்தனர்.

1998 இல் றிச்சாட் ஹேக் 62 பாடநெறிகளைச் சேர்ந்த 6,542 மாணவரின் பெறுபேறுகளை ஒப்புநோக்கினார். மாணவர் அறியாதிருந்த பகுதியில், மரபுவழி விரிவுரையாற் கற்றுக்கொண்ட பங்கு சராசரி 0.23, மாணவர் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 0.48. அஃதாவது, 40 புள்ளியில் தொடங்கிய வகுப்பொன்று முன்னைய முறையில் ஏறத்தாழ 54 ஐயும், பின்னைய முறையில் 69 ஐயும் எட்டும். தரவுகள் ஆசிரியர்கள் தாமாக வழங்கியவை. ஆகவே தேர்ந்த வகுப்புகளே மிகுந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆயினும், 2014 இல் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும் முடிவு மாறவில்லை. விரிவுரையை மட்டும் கேட்டோருள் தவறியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 34. முனைப்புடன் பங்குகொண்டோருள் 22. அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள பன்னிருவரே நாம் பேசும் பின்வரிசை மாணவர். அவர்கள் இயற்கையின் கணக்கால் வீழ்ந்தவர் அல்லர். முறையின் கணக்கால் வீழ்த்தப்பட்டவர்.

தமிழ்மூலம் பயிற்றும் ஆசிரியருக்கும் இதிற் பாடமுண்டு. 'முடுகு' என்ற நல்ல தமிழடியிற் பிறந்தது ஆர்முடுகல். ஆனால் சொல் தமிழாயிருப்பதால் மட்டும் பொருள் விளங்கிவிடுவதில்லை. விசை, வேலை, சக்தி என்பன நாளாந்த வழக்கிலிருந்து எடுக்கப்பட்டு வேறொரு பொருளேற்றவை. தலைச்சுமையுடன் அசையாது நிற்கும் கூலித் தொழிலாளி, பௌதிகத்தின் வரைவிலக்கணப்படி அச்சுமைமீது வேலை எதுவும் செய்வதில்லை. இதைக் கேட்ட மாணவன் சினங்கொண்டால் அச்சினம் நியாயமானதே. பைன்மன் 14 ஆம் விரிவுரையில் இச்சிக்கலைத் தட்டிக்கழிக்காது, தசைநார்கள் ஓயாது துடித்துச் சுருங்குவதாலேயே களைப்பு உண்டாகிறதென விளக்குகிறார். வியர்வையையும் வரைவிலக்கணத்தையும் ஒருங்கே மதிக்கும் இப்பண்பையே நாம் அவரிடமிருந்து பெறவேண்டும்.

ஆகவே, இந்நூலை எங்ஙனம் மதிப்பிடுவது? ஆசிரியர் படிக்கவேண்டிய நூல்களுள் இது முதன்மையானது. முதலாண்டு மாணவனுக்குரிய பாடநெறியின் மாதிரியாக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. மேதை ஒருவர் பேச, ஏனையோர் கேட்டிருப்பது கலையரங்குக்குப் பொருந்தலாம், வகுப்பறைக்குப் பொருந்தாது. கேள்வி கேட்டவளை வகுப்புக்குள் அழைத்து, அவள் வாதத்தை முடிக்க இடங்கொடுத்து, அருகிலிருப்பவன் அதற்கு மறுமொழி கூறும்வரை பொறுத்திருக்கும் ஆசிரியனே அவ்வாயிலைத் திறப்பவன். அத்தகைய வகுப்பறைகளை அமைக்கப் பைன்மனின் புலமை நமக்கு வேண்டுவதில்லை. மாணவர் தொகை குறைந்த வகுப்புகளும், போதிய நேரமும், சோதனை செய்ய எளிய கருவிகளும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது பௌதிகத்துக்குப் புறம்பான வேலையன்று.