வண்டி வரும், விவரம் வராது

ஏப்ரல் 14, நீத்தார் நினைவு நாள் அன்று, தீயணைப்பு நிலையங்களில் பணியில் உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துவார்கள். தொடர்ந்து ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். தருமபுரி மாவட்டத்தில் தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று ஊர் மாறினாலும் மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும் படம் மாறாது: எரியும் சிலிண்டர், அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தும் வீரர், பின்னால் வரிசையாக மாணவிகள்.

அந்தப் படத்தைக் கேலி செய்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. ஈரச் சாக்கு தீயை அடக்குவதைக் கண்ணால் பார்த்த பெண் தன் வீட்டு அடுப்படியில் பதறிப்போய் நிற்கமாட்டாள். பருவமழைக்கு முன்னால் ஏரிக்கரைகளில் நடக்கும் ஒத்திகை இதைவிட மேல். காலிக் குடம், மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில், லாரி டியூப் என வீட்டில் கிடப்பதை வைத்தே ஓர் உயிரை மிதக்கவைக்கலாம் என்று காட்டுகிறார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஏரியிலும் கிணற்றிலும் இறங்குகிற மாவட்டத்துக்கு இது நேரடியாக உதவும் பாடம்.

கூப்பிட்டால் வருகிறார்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த பசு, கூரையில் கூடு கட்டிய கதண்டு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, தொப்பூர் கணவாயில் நசுங்கிய லாரிக்குள் சிக்கிய ஓட்டுநர் என எதற்கும் 101-ஐ அழைக்கலாம். மற்ற அரசு அலுவலகங்களில் கேட்கும் 'நாளைக்கு வாங்க' இங்கே கிடையாது. துறைமீது மக்களுக்குள்ள நம்பிக்கை பெரும்பாலும் இதனால் வந்தது. துண்டுப் பிரசுரங்களுக்கு அதில் பங்கு குறைவு.

ஆனால் வருவதற்கு எல்லை உண்டு. வழக்கமான தண்ணீர் வண்டி கொண்டுவருவது 4,500 லிட்டர். பீய்ச்ச ஆரம்பித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மறுபடி நிரப்ப ஏரியையோ யாருடைய பம்புசெட்டையோ தேட வேண்டும். கோடையில் அதிலும் தண்ணீர் இருக்காது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களே கழுதைமேல் போன கதை ஊரறிந்தது. அங்கே எந்த வண்டி ஏறும்? வண்டி சேரமுடியாத, சேர்ந்தும் பயனில்லாத இடங்களில் உயிரைக் காப்பது முன்கூட்டியே சொல்லப்படும் விவரம்தான். துறை அதிகம் சறுக்குவதும் அங்கேதான்.

பட்டாசை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 16 அன்று பென்னாகரம் அருகே நாகதாசம்பட்டியில் பட்டாசுக் கிடங்கு வெடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 24 அன்று கம்பைநல்லூர் அருகே மூன்று பெண்கள். நடுவில் 2023 அக்டோபர் 7 அன்று, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, தீபாவளி சீசன் வேலைக்குப் போயிருந்த அரூர் பகுதி அம்மாபேட்டை இளைஞர்கள் பலர் கருகிப்போனார்கள். பட்டாசு வெடிப்பில் தண்ணீர் வண்டிக்குப் பெரிய வேலை இல்லை. அது வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் துறை பட்டாசைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. யாரிடம்? வெடிப்பவர்களிடம். நீளமான ஊதுபத்தியால் பற்றவை, நைலான் துணி வேண்டாம், பக்கத்தில் வாளித் தண்ணீர் வை. எல்லாம் சரியான புத்திமதிதான். ஆனால் மேலே சொன்ன பெண்களும் இளைஞர்களும் பட்டாசு வெடித்தவர்கள் அல்லர், கூலிக்குப் போனவர்கள். இந்தக் கொட்டகையில் எத்தனை கிலோவுக்கு உரிமம், எத்தனை பேர் உள்ளே இருக்கலாம், இரண்டாவது வாசல் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் விடை அரசாங்கக் கோப்புகளில் கிடக்கிறது. தற்காலிகக் கடைக்குத் தடையின்மைச் சான்று தருவதே தீயணைப்புத் துறைதான். அந்த விடைகளில் ஒன்றாவது கூலிக்குப் போகும் பெண்ணின் காதுக்கு எட்டியதா?

நீத்தார் நினைவு நாளின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் பஞ்சோடும் வெடிமருந்தோடும் நின்று எரிந்தது. அணைக்கப் போன 66 வீரர்கள் மடிந்தார்கள். வெடிமருந்துக் கப்பல் ஏற்றவேண்டிய சிவப்புக் கொடி அதில் ஏற்றப்படவில்லை. போர்க்காலத் தணிக்கையால் செய்தியும் வாரக்கணக்கில் அமுக்கப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே தெரிவிக்காததற்குக் கொடுத்த விலையை நாம் வீரம் என்று மட்டும் நினைவுகூர்கிறோம்.

விவரத்தைச் சொன்னாலும் தருமபுரி மக்களுக்கு எண்கள் புரியாது என்று யாரும் சொல்லமுடியாது. பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி வரத்து நாள்தோறும் செய்தியாகிறது. 2022 ஆகஸ்டில் அது விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டியபோது ஒகேனக்கல் பரிசல்காரருக்கும் மீன் வறுக்கும் அம்மாவுக்கும் அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த அளவில் பரிசலை நிறுத்துவார்கள், எந்த அளவில் அருவி மூழ்கும் என்று அவர்களே சொல்வார்கள். ஓர் எண்ணைத் தொடர்ந்து சொல்லிவந்தால் சனங்கள் அதை வைத்துத் தங்கள் நாளைத் திட்டமிடுவார்கள்.

தீயணைப்புத் துறையிடமும் எண்கள் உண்டு. ஒவ்வோர் அழைப்பும் நிலையப் பதிவேட்டில் ஏறுகிறது: எப்போது வந்தது, எங்கே, எதனால், வண்டி எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது. அமெரிக்காவில் பல கவுண்டித் தீயணைப்புத் துறைகள் இதைத் தொகுத்து ஆண்டறிக்கையாக மக்கள்முன் வைக்கின்றன. எந்தப் பகுதிக்கு வண்டி தாமதமாகப் போகிறது என்பதைக் காட்டித்தான் புது நிலையம் கேட்கிறார்கள். நம்மூரிலும் இருப்பிடத்தைக் காட்டி உதவி கேட்க 'தீ' என்றொரு செயலி இருக்கிறது. தகவல் நம்மிடமிருந்து அவர்களிடம் போக வழி செய்தாயிற்று. எதிர்த்திசையில் வர வழி இல்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, யாரும் மனுப் போடாமலே தானாக வெளியிடு என்கிறது.

நிலைய அலுவலர்மேல் பழிபோடுவதில் பயனில்லை. உரிமம் அவர் கையில் இல்லை. சிறிய கிடங்குகளுக்கு மாவட்ட நிர்வாகம், பெரியவற்றுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. தம் சான்றைத் தாமே ஊரறியச் சொன்னால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கிடங்கு இருக்குமிடத்தை வெளியிட்டால் வீண் பீதி கிளம்பும், திருட்டுப் போகும் என்ற வாதமும் உண்டு. எனக்கு அது எடுபடவில்லை. கிடங்கு எங்கே என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதது கிலோ மட்டும்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஜெர்மனியில் கிராமங்களைக் காப்பது பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். நாடு முழுக்க ஏறக்குறைய 10 லட்சம் பேர். அதை இங்கே பெயர்த்து நடுவது கடினம். ஆனால் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அவற்றில் அக்டோபர் 2 தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னால் வருகிறது, பட்டாசுக் கொட்டகைகளில் ஆள் சேர்க்கும் பருவம். அன்று ஒரு வீரர் சிலிண்டரும் சாக்கும் இல்லாமல் ஒரு தாளோடு வந்து, அந்த ஊராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இடங்கள், அனுமதித்த அளவு, ஆள் எண்ணிக்கை ஆகியவற்றை வாசிக்கலாம். பதிலுக்கு எந்தப் பம்புசெட்டில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்று ஊரார் சொல்வதை எழுதிக்கொண்டு போகலாம். புது வண்டியோ புதுப் பணியிடமோ இதற்குத் தேவையில்லை. தாளை வாசிக்க ஆட்சியரின் ஓர் உத்தரவு வேண்டும்.