பத்துமலையைப் பாறையாகவும் பாருங்கள்

பத்துமலைக்குப் போகிறவர்களின் கண் முதலில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையில் நிற்கும், பிறகு 272 படிகளின் வண்ணத்தில், கடைசியில் சன்னதியில். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் மலைக்குக் கால் மணி நேரம் கொடுக்கச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. தைப்பூச நெரிசலில் அது முடியாது. சாதாரண நாளில், வெயில் ஏறுவதற்கு முன் போங்கள்.

குகை வாயிலில் நின்று, பாசியும் புகையும் படியாத இடமாகப் பார்த்துக் கண்ணைக் கிட்டே கொண்டுபோங்கள். வெள்ளையும் சாம்பலுமாக, பொடிப்பொடியாக மின்னும் மணிகள் தெரியும். இந்த மலை கடலடியில் பிறந்தது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமில்லாத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. இது படிவுப்பாறை. பின்னர், ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து வந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல் உருகாமலே உள்ளுக்குள் புதிதாகப் படிகம் கட்டிக்கொண்டது. நீங்கள் பார்க்கும் மினுமினுப்பு அதுதான். பெயர் சுண்ணாம்புக்கல் என்றாலும் பெரும்பகுதி பளிங்காக உருமாறிவிட்டது. பழைய கடலுயிர்களின் தடயங்கள் இங்கே அரிதாகவே கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கிப் பாறையைக் கரைக்கிறது. குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயு பிரிந்துபோய், கரைந்த சுண்ணாம்பில் துளியளவு அங்கேயே தங்குகிறது. தொங்கும் கற்கூம்புகள் இப்படித்தான் வளர்கின்றன. ஒரே தண்ணீர் ஓரிடத்தில் மலையைத் தின்று இன்னோரிடத்தில் கல் வளர்க்கிறது என்பது எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அதிசயம். உள்ளே இன்னும் கொஞ்சம் நடந்தால் கூரை இடிந்து வானம் தெரியும் இடம் வரும். கரைதல் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. கூம்புகளைத் தொடாதீர்கள், கைப்பிசுக்கு அவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால், கடையில் கிடைக்கும் பளிங்குத் துண்டொன்றில் வீட்டில் வினிகர் விடுங்கள். நுரைக்கும்.

சூடு கொடுத்த அந்தப் பாறைக்குழம்பு எங்கே போனது? வடக்கே அரை மணி நேரப் பயணத்தில் கஞ்சிங் அருவிக்குப் போனால் அதன் மேலேயே நடக்கலாம். ஆழத்தில் மெதுவாக ஆறி இறுகிய கருங்கல் அது, அனற்பாறை. பாகு மெல்ல ஆறினால் கற்கண்டு பெரிதாக விளைவதுபோல, இங்கே படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. வெள்ளையாகத் தெரிவது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போன்றது குவார்ட்ஸ், கறுப்புச் செதில்கள் அபிரகம். நனைந்த கல்லில் இவை இன்னும் தெளிவாகத் தெரியும். வழுக்கும், பார்த்து நில்லுங்கள். எதிர்ப்பக்கம் செங்குத்தாக எழும் புக்கிட் தாக்குன் சுண்ணாம்புக்கல். இரண்டு மலைகளின் உருவ வேறுபாட்டைச் சாலையிலிருந்தே ஒப்பிடலாம்.

கோலாலம்பூரை ஒட்டிய மெலாவத்தி பக்கம் போனால் இன்னொரு காட்சி. கருங்கல்லில் விழுந்த நெடும் பிளவில் சிலிக்கா கரைந்த வெந்நீர் ஏறி, குவார்ட்ஸாகப் படிந்து நிரம்பியது. சுற்றியிருந்த கருங்கல் மழையில் நைந்து தாழ்ந்தது. குவார்ட்ஸ் எளிதில் மசியவில்லை. அதனால் 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வெள்ளைச் சுவராக அது நிற்கிறது. அதைக் கிள்ளான் ஆறு அறுத்துக்கொண்டு போகும் இடத்தில்தான் அணை கட்டினார்கள். உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. கீழிருந்து பார்க்கும்போதுதான் அதன் ஒழுங்கு முழுமையாகப் பிடிபடுகிறது.

கோலாலம்பூர் நகருக்கு அடியிலும் இதே சுண்ணாம்புக்கல் கதை. பெட்ரோனாஸ் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் சுண்ணாம்புக்கல் தரை சரிவாகவும் குடைவாகவும் இருந்ததால், அவற்றை ஏறக்குறைய 60 மீட்டர் நகர்த்திக் கட்டினார்கள்.

கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பார் நைந்தால் களிமண், களிமண்ணைச் சுட்டால் செங்கல். 1881இல் தீயும் வெள்ளமும் மரவீடுகளை அழித்த பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லில் எழுப்பினார்கள். இன்றைய பிரிக்பீல்ட்ஸில் சூளைகள் எரிந்த காலம் அது. சூளைக்குப் போகாத மண்ணைக் கிள்ளான் ஆறு இன்றும் கடலுக்குக் கொண்டுபோகிறது. கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிப் போர்ட் கிள்ளானில் இறங்கி, கரையோரச் சேற்றை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பது குவார்ட்ஸ் மணல், வழவழப்பது களிமண். இது ஆழப் புதைந்து இறுகினால் படிவுப்பாறை; மேலும் சூடும் அழுத்தமும் ஏறினால் தகடுதகடாகப் பிளந்து மின்னும் சிஸ்ட். அப்படி முன்பே உருமாறிய ஹாவ்தோர்ன்டன் சிஸ்ட், பத்துமலையின் சுண்ணாம்புக்கல்லுக்கும் மூத்த பாறையாகக் கோலாலம்பூரிலேயே இருக்கிறது.