இரவல் குரல்

முகத்தைக் காட்டலாம். உதடுகள் அசைவதைக் காட்டலாம். சொன்ன வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் இன்னொருவரைக் கொண்டு சொல்ல வைக்கலாம். பேசியவனின் குரல் மட்டும் கேட்கக் கூடாது. 1988 அக்டோபர் 19 அன்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் காமன்ஸ் சபையில் அறிவித்த தடையின் சாரம் இவ்வளவுதான். 1994 செப்டம்பர் 16 வரை, ஏறக்குறைய ஆறு வருஷம், பி.பி.சி.யும் தனியார் நிலையங்களும் இதற்குக் கட்டுப்பட்டு நடந்தன. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பி.பி.சி.யின் லைசென்ஸ் ஒப்பந்தத்திலும் 1981ஆம் வருஷத்து ஒலிபரப்புச் சட்டத்திலும் அமைச்சருக்கு ஏற்கெனவே அந்த அதிகாரம் இருந்தது. ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது.

தடைக்குள்ளான அமைப்புகள் 11. ஐ.ஆர்.ஏ.யும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் மகுடத்துக்கு விசுவாசம் பேசிக்கொண்டே கொலை செய்த குழுக்களும் அதில் இருந்தன. ஷின் ஃபெயினும் இருந்தது. ஐ.ஆர்.ஏ.யோடு அதற்கிருந்த உறவு யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. என்றாலும் அது சட்டப்படி இயங்கிய கட்சி. 1985 உள்ளாட்சித் தேர்தலில் வட அயர்லாந்தில் 59 கவுன்சிலர்களைப் பெற்ற கட்சி. அதன் தலைவர் ஜெரி ஆடம்ஸ் அப்போது மேற்கு பெல்ஃபாஸ்ட் தொகுதியின் எம்.பி.

இந்தத் தடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு ஹாஸ்யத் துணுக்காகவே சொல்லி முடிக்கிறார்கள். அரசாங்கம் முட்டாள்தனமாக ஒரு உத்தரவு போட்டது. பத்திரிகையாளர்கள் நடிகர்களை அமர்த்தி, உதட்டசைவுக்குப் பொருந்துமாறு பேச வைத்து, உத்தரவைக் கேலிக்கூத்தாக்கினார்கள். கடைசியில் அரசாங்கமே வெட்கி வாபஸ் வாங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கதை பிடித்துப் போவதில் ஆச்சரியமும் இல்லை. புத்திசாலித்தனம் அதிகாரத்தை ஜெயிக்கும் கதை அல்லவா? எனக்கு இதில் சம்மதமில்லை.

உத்தரவு முட்டாள்தனமானது அல்ல. பள்ளிக்கூடத்தில் நேர்கூற்று, அயற்கூற்று என்று இலக்கணம் படித்திருக்கிறோம். உலகத்தில் எந்த அரசாங்கமாவது இந்த இலக்கண வித்தியாசத்தை நிர்வாக உத்தரவாக ஆக்கியிருக்கிறது என்றால் அது தாட்சரின் அரசாங்கம்தான். அயற்கூற்றுக்குத் தடை இல்லை; நேர்கூற்றுக்குத்தான் தடை. 'அவர் இப்படிச் சொன்னார்' என்ற சட்டகத்துக்குள் வந்துவிட்டால் எந்தக் கருத்தும் பாதி செத்துவிடும் என்பது உத்தரவை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாவலாசிரியனுக்குத் தெரிந்த விஷயம் அது. ஒரு பாத்திரத்தைப் பேச விடுவதற்கும் அவன் பேசியதை ஆசிரியர் எடுத்துச் சொல்வதற்கும் உள்ள தூரத்தை நாம் எவ்வளவோ விவாதித்திருக்கிறோம்.

குரல் ஸ்தூலமானது. தயக்கம், மூச்சு, வட்டாரம், வர்க்கம், பொய் சொல்கிறபோது ஏற்படும் ஒரு சிறு வழுக்கல், இவையெல்லாம் அதில்தான் இருக்கின்றன. தமிழ் அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1967 ஜனவரியில் சுடப்பட்டபின் எம்.ஜி.ஆரின் குரல் கெட்டது. அவர் இரவல் குரல் வைத்துக்கொள்ளாமல் அதே குரலில் பேசி நடித்தார், ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். கதாநாயகிக்கு யாரோ பேசுவதைக் காலம் காலமாகக் கேட்டுப் பழகிய அதே ஜனங்கள்தான். கதாநாயகிக்கு வேண்டியது வசனம் மட்டும் என்று நம் சினிமா முடிவு செய்துவிட்டிருந்தது. தலைவனுக்கு அப்படி அல்ல. உடைந்த குரலானாலும் அது அவனுடையதாக இருக்க வேண்டும். லண்டனில் உத்தரவு போட்டவர்களுக்கும் இது புரிந்திருக்க வேண்டும்.

ஐ.ஆர்.ஏ.மீது எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. 1987 நவம்பரில் எனிஸ்கில்லனில் யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியவர்கள்மீது குண்டு வைத்தார்கள். 1988 ஆகஸ்டில் பாலிகாலி அருகே பஸ்ஸில் போன 8 சிப்பாய்களைக் கொன்றார்கள். அதன் பிறகு இரண்டு மாதத்தில் தடை வந்தது. பிணங்களைப் பார்த்துக் கொதித்துப் போன ஒரு சமூகத்தில் இப்படி ஒரு உத்தரவு எடுபடும். ஆனால் கொலைகாரனுக்கு ரேடியோவில் இடம் கொடுக்கலாமா என்ற கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் உத்தரவு வேலை செய்த இடம் கண்ணில் படாது. அது வேலை செய்த இடம் உள்ளூர்.

ஒரு கவுன்சிலர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வசதி, சாக்கடை, பஸ் வராதது. கட்சி உறுப்பினர் எல்லா நேரமும் கட்சியின் பிரதிநிதியாகவே பேசுவதாகக் கொள்ள வேண்டாம் என்று உள்துறை இலாகா பெருந்தன்மையோடு விளக்கம் கொடுத்திருந்தது. ஆகவே சாக்கடை பற்றி அவர் சொந்தக் குரலில் பேசலாம். பேச்சின் நடுவே, ராணுவ வண்டிகள் போய்ப் போய்த்தான் ரோடு பாழாகிறது என்று சொல்லிவிட்டால்? அந்த வாக்கியத்தில் பேசுவது கவுன்சிலரா, கட்சியா? தேர்தல் சமயத்தில் வேட்பாளராகப் பேசினால் தடை இல்லை. ஓட்டு எண்ணி முடிந்ததும், ஜெயித்தவரின் குரல் மறுபடி போய்விடும். வேட்பாளருக்குக் குரல் உண்டு, ஜெயித்தவருக்குக் கிடையாது என்ற ஜனநாயகத்தைக் கற்பனையில்கூட நாம் எழுதியிருக்க மாட்டோம்.

வாக்கியம் வாக்கியமாக இதைத் தீர்மானிக்க எந்தச் செய்தி ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? கூப்பிடாமல் விட்டுவிடுவது சுலபம். தடைக்குப் பின் வந்த மாதங்களில் ஷின் ஃபெயின்காரர்கள் டெலிவிஷனில் தோன்றுவது வெகுவாகக் குறைந்துபோனதை கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடக ஆய்வுக் குழுவினர் கணக்கெடுத்துக் காட்டினார்கள். நடிகரின் குரலில் ஆடம்ஸ் பேசியதை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கூப்பிடப்படாமலே போன கவுன்சிலர்களை நினைவு வைத்துக்கொள்ள வழியில்லை.

அயர்லாந்துக் குடியரசு இந்தக் காரியத்தை முன்பே தொடங்கிவிட்டது. 1960ஆம் வருஷத்து ஒலிபரப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின் கீழ் 1971இல் முதல் உத்தரவு வந்தது. மறு வருஷம் ஐ.ஆர்.ஏ. தலைவர் ஒருவரோடு நடந்த பேட்டியின் சாரத்தை ஆர்.டி.ஈ. நிலையம் ஒலிபரப்பியதற்காக அதன் நிர்வாகக் குழு முழுவதையும் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. ஒலிநாடாவில் உள்ள குரல் யாருடையது என்று சொல்ல மறுத்த நிருபர் கெவின் ஓ'கெல்லிக்கு நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை. இங்கே இரவல் குரலுக்கும் இடமில்லை. பேட்டியை எடுத்துச் சொல்வதும் குற்றம்.

1990இல் டப்ளினில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். தொழிலாளர் சார்பில் பேசியவர் ஷின் ஃபெயின் உறுப்பினர். ரொட்டிக் கம்பெனியின் சம்பளத் தகராறைப் பற்றிய அவர் பேட்டிகளை ஆர்.டி.ஈ. ஒலிபரப்ப மறுத்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1993இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் விசேஷம்: கட்சியின் சார்பில் பேசுவதற்குத்தான் தடை, உறுப்பினர் என்பதற்காக எதைப் பற்றியும் பேசவிடாமல் செய்யச் சொல்லி உத்தரவில் எங்கும் இல்லை. அரசாங்கம் கேட்டதற்கு மேலே நிலையம் கொடுத்துவிட்டிருந்தது. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது புதிதல்ல. தலைமை அலுவலகச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தால் கிளையில் அது மூன்று வரியாக அமலாகும். தவறிப்போய் ஒன்றை அனுமதித்தவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். தவறிப்போய் மறுத்தவனுக்கு ஒன்றும் வராது. தணிக்கை என்பதில் பாதிக்கு மேல் இந்த ஆபீஸ் கணக்குதான்.

31ஆம் பிரிவை 1976இல் திருத்தி இறுக்கிய அமைச்சர் கானர் க்ரூஸ் ஓ'ப்ரையன். அவர் ஒரு விமர்சகர். கத்தோலிக்க எழுத்தாளர்களைப் பற்றி 'மரியா க்ராஸ்' என்ற நல்ல விமர்சன நூலை 1952இல் வெளியிட்டவர். அமைச்சரானபின், ஒரு அமெரிக்க நிருபரிடம், 'ஐரிஷ் ப்ரெஸ்' பத்திரிகையில் வந்த வாசகர் கடிதங்களை ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டி, இவற்றைப் பிரசுரித்த ஆசிரியர்மீது நடவடிக்கை எடுக்க முடிய வேண்டும் என்கிற மாதிரிப் பேசினார். நிருபர் போய் அந்த ஆசிரியரிடமே சொல்லிவிட்டார். பதவி அவரைக் கெடுத்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. வார்த்தைகளுக்கு ரத்தம் சிந்த வைக்கும் சக்தி உண்டு என்று இலக்கியவாதி உண்மையாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கையோடு நாற்காலியும் சேர்ந்தால் சாதாரண அரசியல்வாதியைவிட அவன் கறாராகத் தணிக்கை செய்வான்.

இனி அந்த நடிகர்கள். ஆடம்ஸுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஸ்டீஃபன் ரே ஒருவர். நாடகாசிரியர் ப்ரையன் ஃப்ரீலோடு சேர்ந்து 1980இல் டெரி நகரில் 'ஃபீல்ட் டே' குழுவைத் தொடங்கியவர். அதன் முதல் நாடகம் 'டிரான்ஸ்லேஷன்ஸ்'. பிரிட்டிஷ் சர்வேயர்கள் ஐரிஷ் ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்குவதைப் பற்றியது. ரே அதில் நடித்தவர். அப்படிப்பட்டவர் சம்பளத்துக்காக மட்டும் இதைச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லப்பட்டது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கச்சிதமான உதட்டசைவு எதைச் சாதித்தது? பார்க்கிறவனுக்குத் தடை இருப்பதே மறந்துபோகும்படி செய்தது. நடிகர் மோசமாகப் பேசியிருந்தால், அல்லது திரையில் ஊமையாக வாய் அசைய விட்டிருந்தால், தினமும் ராத்திரிச் செய்தியில் தடை கண்ணில் பட்டிருக்கும். கலைத் திறமை காயத்தை மூடித் தைத்துவிட்டது.

இதற்கு முன்னால், 1985இல், உத்தரவு எதுவும் இல்லாத காலத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். டெரி நகரின் இரண்டு உள்ளூர் அரசியல்வாதிகளைப் பற்றி பி.பி.சி. ஒரு படம் எடுத்தது. ஒருவர் ஷின் ஃபெயினின் மார்ட்டின் மக்கின்னஸ். மற்றவர் அவருக்கு நேர் எதிரான யூனியனிஸ்ட் கிரிகரி காம்பெல். (டெரி என்பதா லண்டன்டெரி என்பதா என்பதிலேயே அங்கே கட்சி தெரிந்துவிடும்.) இரண்டு பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உள்துறை அமைச்சர் லியான் பிரிட்டன், படத்தைப் பார்க்காமலே, காட்ட வேண்டாம் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பி.பி.சி.யின் கவர்னர்கள் படத்தை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்ட் 7 அன்று பத்திரிகையாளர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலக சேவையின் செய்திகூட நின்றது. அக்டோபரில் சில மாற்றங்களோடு படம் வெளிவந்தது. அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. வேலையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். 1988 தடையை எதிர்த்துப் பத்திரிகையாளர்கள் சிலர் போட்ட வழக்கு 1991இல் பிரபுக்கள் சபையில் தோற்றது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். 1976இல் அரசாங்கத்தோடு ஒத்துழைக்க மறுத்த கிஷோர் குமாரின் பாட்டுகளை ஆல் இந்தியா ரேடியோ நிறுத்தி வைத்தது. அதுவும் ஒரு குரல் தடைதான். அந்தக் காலத்தில் பூடகமாக இரண்டு கவிதை எழுதியதைப் பிற்பாடு எதிர்ப்பு என்று தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. குறியீடு என்றும் அங்கதம் என்றும் அதைப் பாராட்டி எழுதியவர்களும் உண்டு. சென்சார் அதிகாரிக்குப் புரியாதது வாசகனுக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பூடகம் கவிதைக்குத் தேவையாக இருக்கலாம். அது வேறு விவாதம். உள்ளூர்ச் சாக்கடை பற்றி நகரசபை உறுப்பினர் பேசுவதற்குப் பூடகம் உதவாது.

தடை நீங்கியபின் ஆடம்ஸின் சொந்தக் குரலைக் கேட்ட பலருக்கு அது போலிபோல ஒலித்ததாம். அதற்குள் நடிகரின் குரல் அவர்கள் காதில் அவருடையதாகிவிட்டிருந்தது.