பால்மரத்து வெளிச்சம்

ஒளியையும் வழக்கொழிந்த கருவிகளையும் சிற்பத்துக்குள் கொண்டுவந்தவர்களின் வரிசை நீளமானது. 1930இல் மொகோலி-நாட்ஜ், சுழலும் உலோகத் தகடுகளின்மேல் ஒளி பாய்ச்சிச் சுவரெங்கும் நிழலை ஓடவிட்டார். 1963இல் டான் ஃபிளேவின், கடையில் விற்கும் குழல்விளக்கையே சிற்பமாகச் சாய்த்து மாட்டினார். நாம் ஜூன் பைக் என்னும் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கினார். நியூசிலாந்தின் பில் கல்பர்ட், வெற்று பிளாஸ்டிக் புட்டிகளுக்குள் குழல்விளக்கைச் செருகினார்.

நம் மலேசிய மண்ணுக்கு மிக அருகில் இருப்பவர், 1959இல் பிறந்து போர்ட் டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில். டாட்டா லாரி ஒன்றின் உள்ளுறுப்புகளைக் கறையான்புற்று மண், ஆற்றுக் களிமண், பழத்தோல், இலை ஆகியவற்றால் மறுபடி வார்த்து, 2007இல் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சியில் வைத்தார். ஓடித் தேய்ந்த இரும்பை மண் திரும்ப வாங்கிக்கொண்டதைப் போலிருக்கும் அந்தப் படைப்பை, இத்துறையின் மிக உயர்ந்த சாதனைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். மலேசியக் கலைஞர் வோங் ஹோய் சியோங், புலம்பெயர்ந்தோரையும் ரப்பர் மரங்களையும் சேர்த்தே 1990களில் ஒரு படைப்புத் தொடர் செய்தார்.

ஆனாலும் வடசிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களின் விளக்கு இன்னும் ஒரு சிற்பிக்காகக் காத்திருக்கிறது.

கோலசிலாங்கூர் என்றதும் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைச் சொல்வார்கள். மலாவத்திக் குன்றில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கத்தைச் சொல்வார்கள். பால்மரம் வெட்டியவர்களின் நெற்றி விளக்கை யாரும் சொல்வதில்லை. விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் அதிகம். பால் நெடுநேரம் வடியும். அதனால்தான் இருட்டில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, இருட்டிலேயே நிரை என்னும் மர வரிசையில் வெட்டு. நெற்றியில் கட்டிய அந்தக் கார்பைட் விளக்கில் மேலறைத் தண்ணீர் கீழறைக் கார்பைட் கல்லின்மேல் சொட்டுச் சொட்டாக விழும். எழும் வாயு முனையில் பற்றி வெண்சுடராகும். பின்னாலிருக்கும் தகடு அந்த வெளிச்சத்தை முன்னே தள்ளும். சொட்டு கூடினால் சுடரும் கூடும். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் சாய்வான வெட்டு, உளி சீவிய மெல்லிய பட்டை, மங்கு என்னும் பால் கிண்ணத்தை நோக்கி இறங்கும் பால். நம் பாட்டிமார்கள் ஆயுள் முழுக்கப் பார்த்த உலகம் அவ்வளவுதான். ஒளியும் கருவியும் உழைப்பும் ஒன்றாய்க் கலந்த இப்படியொரு பொருள் ஃபிளேவினுக்கும் கிடைக்கவில்லை.

அந்த உலகம் சுருங்கத் தொடங்கியதும் இங்கேதான். பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே வணிக முறையில் செம்பனை நட்டார். மலேசியாவில் அதுவே முதல் முறை. பின்னாளில் செம்பனை பரவப் பரவ, விளக்கும் உளியும் ரப்பர் பிழியும் உருளை இயந்திரமும் லயத்து வீட்டு மூலைகளில் ஒதுங்கின.

உங்கள் வீட்டில் அப்படியொரு விளக்கோ, உளியோ, மங்கோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எந்தத் தோட்டம், யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். வரப்போகும் சிற்பிக்கு அந்தத் தாளும் தேவைப்படும்.