கீழாநெல்லி: 1988-ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வு எதைக் காட்டியது?

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் அனேகமாக எல்லா வீடுகளும் அறிந்த வைத்தியம். செடியைப் பிடுங்கிக் கழுவி அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியமும் உண்டு. இதற்கு அறிவியல் சான்று என்ன என்று கேட்டால் பெரும்பாலும் காட்டப்படுவது ஓர் ஆய்வு: சென்னையில் நடந்து, 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. 'கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். இந்தச் சுருக்கம் தவறானது. ஆய்வு மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. அது காமாலை நோயாளிகளைப் பற்றிய ஆய்வே அல்ல.

ஆய்வும் அதன் எண்களும்

ஆய்வை நடத்தியது எஸ். பி. தியாகராஜன் குழு. இவர் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். ஹெப்பாடிட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்தவரும் 1976-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவருமான அமெரிக்க அறிஞர் பரூக் புளூம்பெர்க் இதில் பங்கேற்றார். முந்தைய ஆண்டான 1987-இல், இச்செடியின் சாறு அந்த வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக்குழாயில் தடுக்கிறது என்ற முடிவு வெளியாகியிருந்தது. அடுத்த படியாக மனிதர்களிடம் சோதித்தார்கள். முறையான வரிசைதான்.

சோதிக்கப்பட்டவர்கள் ஹெப்பாடிட்டிஸ் பி வைரஸை உடலில் நீண்டகாலமாகச் சுமப்பவர்கள். இத்தகையோரில் பலருக்குக் கண் மஞ்சளிப்பதில்லை. எந்த அறிகுறியும் இல்லாமலேயே இருப்பார்கள். ஒரு பிரிவினருக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மற்றப் பிரிவினருக்கு மருந்துப்போலி. மருந்து முடிந்து 15 முதல் 20 நாள்களுக்குள் இரத்தத்தைச் சோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. அதாவது 59 விழுக்காடு. மருந்துப்போலி உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும் மறைந்திருந்தது.

வைரஸைச் சுமப்பவர்களிடம் இந்த ஆன்டிஜென் தானாக மறைவது ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். இன்று தரப்படும் டெனோபோவிர் வைரஸை நன்றாக அடக்குகிறது, ஆனால் ஆன்டிஜெனை அரிதாகவே அகற்றுகிறது. அப்படியிருக்க, ஒரே மாதத்தில் 59 விழுக்காடு என்பது பெரிய கூற்று. பெரிய கூற்றை மற்றவர்களும் செய்து பார்க்க வேண்டும். மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: ஒரு பக்கம் 37 பேர், மறுபக்கம் 23 பேர். பிரிவுகள் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தால், சேர்ந்தவர்கள் எல்லோரும் கடைசிச் சோதனைக்கு வந்தார்களா என்று கேட்பது நல்ல வாசகரின் வேலை. ஆய்வாளர்களைக் குறை சொல்ல இடமில்லை. இது முதற்கட்ட ஆய்வு, மேலும் ஆராய வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். மேற்கோள் காட்டுபவர்கள்தான் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

பின்வந்த ஆய்வுகள்

1990-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே லான்செட்டில், அறிகுறியற்ற வைரஸ் சுமப்பவர்களிடம் இச்செடி ஆன்டிஜெனை அகற்றவில்லை என்று எழுதினார்கள். 1991-இல் நெதர்லாந்திலும் 1994-இல் நியூசிலாந்திலும் சென்னை முடிவு உறுதிப்படவில்லை. 2011-இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, மொத்தம் 1326 நோயாளிகளை, ஒருசேரப் பரிசீலித்தது. அவற்றுள் மருந்துப்போலியோடு ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. அதில் பயன் தெரியவில்லை. மற்றவை, வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு இச்செடியின் இனத்தைச் சேர்த்துக் கொடுத்தவை. அவற்றில் சில நல்ல குறிகள் தென்பட்டாலும் ஆய்வுமுறை பலவீனமானது. இறப்பு குறைந்ததா, கல்லீரல் சிக்கல்கள் குறைந்தனவா என்பதை 16-இல் ஒன்றுகூடப் பதிவு செய்யவில்லை.

'நம் மண்ணின் செடி வேறு, அவர்கள் செடி வேறு' என்று ஒரு மறுப்பு உண்டு. இதைத் தள்ளிவிட முடியாது. விளையும் இடம், பறிக்கும் பருவம் ஆகியவற்றால் மூலிகையின் வேதிப்பொருள்கள் மாறும் என்பது உண்மை. இந்தியாவில் நிருரி என்ற தாவரவியல் பெயரில் எழுதப்பட்டது பெரும்பாலும் அமரஸ் என்ற இனமே என்ற பெயர்க் குழப்பமும் இருந்தது. ஆனால் இந்த வாதம் இருபுறமும் வெட்டும். ஆய்வகத்தில் இனம் பார்த்து எடுத்த செடியே இடத்துக்கு இடம் மாறினால், தெருவோரம் பிடுங்கியதற்கு என்ன உறுதி? எங்கள் மணலி புதுநகர்ப் பக்கம் மழை விட்டதும் காலி மனையெல்லாம் இச்செடி முளைத்துவிடும். கீழாநெல்லியையும் மேலாநெல்லியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. மணலியை 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது என்பதையும் அரைத்துக் குடிப்பவர்கள் நினைவில் வைக்கலாம்.

வீட்டு அனுபவம் பொய்யா?

'எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் குணமானது' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அசுத்தமான நீரால் பரவும் ஹெப்பாடிட்டிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். குடித்தவர் மட்டும் செடிக்கு நன்றி சொல்வார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு தேவைப்படுவது இதனால்தான்.

மருந்துக்கடையில்

சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்கத் தனி உரிமம் தேவையில்லை. பழைய நூல்களில் உள்ள முறைப்படியே செய்த மருந்துக்கு, நூல் சொல்லும் நோய்க்குப் பயன்படுகிறது என்று காட்டப் புதிய மருத்துவச் சோதனையும் கேட்கப்படுவதில்லை. ஆகவே அரசு அனுமதி எண் அச்சிட்ட புட்டி என்பதாலேயே அதன் பயன் சோதிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளக் கூடாது. கல்லீரல் டானிக் கேட்டு வருபவரிடம் பேசக்கூடிய படித்த ஆள் அந்த இடத்தில் மருந்தாளுநர் ஒருவர்தான்.

'மூலிகைதானே, கெடுதல் என்ன?' என்று கேட்பார்கள். கெடுதல் தாமதத்தில் இருக்கிறது. காசநோய் மாத்திரைகளான ஐசோநயசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு ஆகியவை கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரலாம். அப்போது அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பித்தப்பைக் கல்லாலும் காமாலை வரும். கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே டானிக்கை எடுத்துத் தருமுன் மருந்தாளுநர் கேட்க வேண்டியவை சில: எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை, கர்ப்பமா, இரத்தப் பரிசோதனை ஆயிற்றா? வாந்தி நிற்காவிட்டாலும் பேச்சு தடுமாறினாலும் கடையில் நிறுத்தி வைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பி வகையில் ஏமாற்றம் இன்னும் மெல்ல வரும். அறிகுறியில்லாத தாய், கீழாநெல்லி குடித்தாயிற்று என்று சோதிக்காமல் விட்டால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம். அப்படித் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் வைரஸ் நிலைத்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி இதைப் பெரிதும் தடுக்கிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெப்பாடிட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.